முயலுக்குப் பதில் நான்

ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வீட்டில் இரண்டு வேலைதான் நிரந்தரம். ஒன்று கரண்ட் பில் கட்டுவது, இன்னொன்று மாவு மில்லுக்குப் போவது. செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனை மில்லில் கோதுமைத் தூக்கோடு நான் நின்றுகொண்டிருந்தபோது ரேகா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஃபேன்சி ஸ்டோரில் இப்போது என் கவுண்ட்டரில் நிற்கிற பெண் அவள்.

"அண்ணே, புதுசா ஒரு சோப்பு வந்திருக்கு. அட்டையில முயல் படம் போட்டிருக்கு. வடலூர்லேருந்து ஒரு அம்மா வந்து ஆசையா எடுத்துப் பாத்தாங்க. முயலப் பாத்ததும், 'அய்யய்யோ, முயல் கொழுப்புல செஞ்சதா'ன்னு கீழ வச்சிட்டு, கை கழுவத் தண்ணி கேட்டாங்கண்ணே. நான் என்னா சொல்றது?"

மில் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாவு அரைக்கிறவர் திரும்பிப் பார்த்தார். அந்த முயல் எதற்காக அட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்பது கடலூரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. சில வருஷங்கள் அந்த முயல் பார்க்க வேண்டிய வேலையைப் பார்த்தவன் நான். சாயங்காலம் விவரமாகச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் கரீம் பாய் கடையில் சேர்ந்தபோது மீசை அரும்பிய வயசு. பெண்கள் சாமான் விற்கிற கவுண்ட்டரில் ஆம்பளையா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மச்சான் ஒருத்தர் கல்யாண வீட்டில் என்னை "லிப்ஸ்டிக்" என்றே கூப்பிடுவார். முதல் இரண்டு வருஷம் தூசி தட்டினேன். அதற்கப்புறம் வளையல், அதற்கப்புறம் பொட்டு, கடைசியாகத்தான் லிப்ஸ்டிக் கண்ணாடிப் பெட்டியின் சாவியை பாய் என் கையில் கொடுத்தார்.

லிப்ஸ்டிக் விற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வருகிற பெண்ணின் முகத்தை உற்றுப் பார்க்கக்கூடாது. மணிக்கட்டின் உட்பக்கத்தைப் பார்த்தால் போதும், அவள் நிறம் தெரிந்துவிடும். அவள் உதட்டிலோ கையிலோ நாம் போட்டுக் காட்டவும் கூடாது. நம்முடைய இடது புறங்கையில் கோடு இழுத்துக் காட்ட வேண்டும். ரோஸ் ஒன்று, மெரூன் ஒன்று, காப்பிக் கலர் ஒன்று. கடை மூடுகிற நேரத்தில் என் புறங்கை கோலப்பொடி கொட்டின மாதிரி இருக்கும். தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் துடைக்க மறந்து வீட்டுக்குப் போனேன். என் மனைவி வசந்தா அன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டில் வைத்த வேகம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் கடைக்கே வந்து பாயிடம் விசாரித்துவிட்டுத்தான் என்னோடு பேசினாள்.

கரீம் பாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளை ஜிப்பா, நெற்றியில் தொழுகைத் தழும்பு, மூக்கில் நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. அவர் கடையில் 'இல்லை' என்ற சொல் தடை செய்யப்பட்டது. சரக்கு தீர்ந்துவிட்டால் "வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். கம்பெனியே மூடிவிட்டாலும் வந்துக்கிட்டுத்தான் இருக்கும். இரண்டாவது விதி, முகத்தில் போடுகிற சாமான் கடை வாசலைத் தாண்டினால் திரும்பி உள்ளே வரக்கூடாது. எப்பேர்ப்பட்ட கஸ்டமர் கேட்டாலும் மசிய மாட்டார்.

அவருக்கு இன்னொரு குணம். பொய் சொல்ல பயப்படுவார். வியாபாரியாக இருந்துகொண்டு அது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். "வந்துக்கிட்டிருக்கு" என்று நாங்கள் சொல்லிவிட்டால் போதும், உடனே மெட்ராஸ் ஏஜெண்டுக்குப் போன் போட்டு ஆர்டர் கொடுத்துவிடுவார். சொன்னது உண்மை ஆகிவிட்டதாம்.

புது சோப்போ க்ரீமோ வந்தால் முதலில் பாய் ஏஜெண்டைக் கூப்பிட்டு, "பன்றிக் கொழுப்பு இருக்கா, நல்லா விசாரிச்சுச் சொல்லு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். பின்னாலேயே வடலூர் வள்ளலார் சபைக்குப் போகிற சைவக் குடும்பங்கள் வந்து எந்தக் கொழுப்பும் இல்லையே என்று கேட்பார்கள். ஆகையால் எங்கள் கடையில் ஒரு சோப்பு அலமாரி ஏறுவது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்களே தவிர, அதை முதலில் யார் மேல் போட்டுப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவள் மலர்க்கொடி.

2006 வாக்கில் இருக்கும். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். சிதம்பரத்தில் பார்மசி படித்தவள். படிப்பின் கடைசியில் பயிற்சிக்காக வெளியூரில் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஒரு ஷாம்பு பாட்டிலை முன்னும் பின்னும் திருப்பிப் படித்துவிட்டு, "அண்ணே, இத மிருகத்து மேல டெஸ்ட் பண்ணிருக்காங்களா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "நம்ம கடைக்குள்ள ஆடு மாடு எதுவும் வராதும்மா. சுத்தமான கடை."

அவள் சிரிக்கவில்லை. "முயல வரிசையாப் பெட்டியில அடைச்சு, கழுத்த மட்டும் வெளியில நீட்டி வச்சிருப்பாங்க பாய். கண்ணுல ஷாம்பு, மையின்னு ஊத்தி, செவக்குதா புண்ணாவுதான்னு பாப்பாங்க. அதால கையத் தூக்கிக் கண்ணத் தேய்ச்சுக்கக்கூட முடியாது. நான் கண்ணால பாத்தேன். அதுலேருந்து அப்படிச் செஞ்சத நான் வாங்குறதில்ல. அப்படிச் செய்யாதது எதுனா இருந்தா குடுங்க."

பாய் முகம் வாடிப்போனது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஆனாலும் கஸ்டமரிடம் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லையே. சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் நான் பட்டேன்.

"நம்ம கடையில மனுஷன் மேல போட்டுப் பாத்துத்தாம்மா விக்கிறோம். இதோ, ஜெயராமன் மேலதான்."

அவள் என் புறங்கையைப் பார்த்தாள். அங்கே மூன்று கோடு இருந்தது. கம்பெனியில் என்ன நடந்தது என்பதற்கு அது பதிலில்லை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. சின்னக் கம்பெனிகள் நான்கைந்துக்கு அவளே முன்பே எழுதிக் கேட்டிருந்தாள். மிருகங்கள் மேல் சோதிப்பதில்லை என்று பதில் போட்ட கம்பெனிகளின் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒரு லிப்ஸ்டிக், ஒரு கண் மை, பவுடர் டப்பா ஒன்று. அவ்வளவுதான்.

அவள் படி இறங்கியதும் பாய் என்னை உள்ளே கூப்பிட்டார். "ஜெயராமா, வாய் தவறிப் பொய் சொல்லிட்டேன்."

"பரவால்ல பாய், விடுங்க."

"எப்படி விட முடியும்? இனிமே எல்லாத்தையும் உன் மேல போட்டுப் பாத்துடு. அப்ப அது பொய் ஆவாது."

முயலுக்கு வேலைநேரம் முடிந்தால் பெட்டிதான். எனக்கு கடலூர் டவுன் பஸ். அதுதான் வித்தியாசம். புதுச் சரக்கு வந்த அன்று கடை திறந்ததும் பாய் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைப்பார். சட்டைக் கையை மடக்கிவிட்டு முழங்கைக்குக் கீழே ஒவ்வொன்றையும் அவரே தடவுவார். கண்ணில் மட்டும் எதையும் விட மாட்டார், அந்த வரைக்கும் இரக்கம். "எரியுதா? எரிஞ்சா சொல்லு. மறைக்காத." எரிகிறது என்றால் அந்தச் சரக்கை ஏஜெண்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். ப்ளீச் க்ரீம் போட்ட இடத்தில் என் கை எலுமிச்சை நிறமானது. ஹேர் டை போட்ட இடம் கரிச்சட்டி. வீட்டில் வசந்தா என் கையைப் பிடித்துப் பார்த்து, "இது எந்த மாமனோட கை?" என்று கேட்பாள்.

மூன்று மாசம் கழித்து மலர் மறுபடி வந்தாள். என் கையில் சிவந்து தடித்திருந்த இடத்தைப் பார்த்தவள் நேராகப் பாயிடம் போனாள்.

"என்னா பாய் இது? முயலுக்குப் பாவம் பாத்து இந்த அண்ணன மாட்டிவிட்டுட்டேனா நான்?"

"அவருக்குச் சம்பளம் குடுக்கிறேனேம்மா."

"முயலுக்குந்தான் பாய் தீனி போடுறாங்க."

பாய் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு என் கையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே எடது கை மட்டும்" என்றார். அவர் அளவில் அது பெரிய இரக்கம். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் சொந்த அண்ணன் மாதிரி ஆனேன்.

அப்புறம் பாய் என்னை சிதம்பரம் மேலவீதிக் கிளைக்கு மாற்றினார். ஸ்டூலும் என்னோடு வந்தது. அங்கேதான் ஒருநாள் பரிபூரணம் அம்மா கடைக்குள் வந்தார்கள்.

கிள்ளைப் பக்கத்துக்காரர். சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று, பையனைப் படிக்க வைத்து, சொந்தமாக மீன்பிடிப் படகும் வாங்கினவர். அந்தம்மா பேரம் பேச ஆரம்பித்தால் மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். "தம்பி, எம்பையனுக்கு நிச்சயம். பொண்ணு தட்டுல மேக்கப் பெட்டி வைக்கணும். கடையிலேயே பெருசு எதுவோ அத எடு. எங்க ஊரு அவுங்க ஊரு ரெண்டும் வாயப் பொளக்கணும்."

எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருகிற தட்டுகளில் புடவை, பூ, பழம், இனிப்போடு மேக்கப் பெட்டியும் இருக்கும். பெண் அந்தப் புடவையை உடுத்திக்கொண்டு வந்ததும், மாமியார் அந்தப் பெட்டியைத் திறந்து, சபைக்கு நடுவில் அவள் முகத்தில் பவுடர் பூசிப் பொட்டு வைப்பார். பெட்டியின் அளவைப் பார்த்துத்தான் பின்வரிசைப் பெண்கள் மாமியாரின் மனசை அளப்பார்கள்.

நான் மூன்றடுக்கு வெளிநாட்டுப் பெட்டியை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு அடுக்காக விரித்துக் காட்டினேன். அந்தம்மா கண்ணில் அப்படியொரு சந்தோஷம். கட்டச் சொல்லிவிட்டுப் பெருமையாகச் சொன்னார்கள், "பொண்ணு உங்க கடலூருதான் தம்பி. தேவனாம்பட்டினம். மலர்க்கொடின்னு பேரு. மருந்துப் படிப்பு படிச்சிருக்கு."

என் கை கயிற்றோடு நின்றுவிட்டது. "அம்மா, இந்தப் பெட்டி வேணாமே. சின்னதா, வேற ஒண்ணு..."

"ஏன்? மீன்காரிக்கு இது ஜாஸ்தின்னு நெனைக்கிறியா?"

"அய்யோ, அப்படி இல்லம்மா, அந்தப் பொண்ணு என்னான்னா..."

"அந்தப் பொண்ணப் பத்தி எங்கிட்டயே பேசுறியா? கட்டுய்யா!"

கட்டினேன்.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து கடலூர் வந்து மலருக்குச் சொன்னேன். மறுநாள் நான் பழைய கடையில் பாயோடு இருந்தபோது அவள் வந்து அவர் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பெண் அழுது நாங்கள் பார்த்ததில்லை. மாப்பிள்ளை செந்திலிடம் முன்பே பேசியிருக்கிறாள். நல்ல பையன். அவளுடைய கொள்கை அவனுக்கும் பிடித்திருந்தது. "எல்லாஞ் சரி மலரு, அம்மாகிட்ட மட்டும் நீயே சொல்லிடு" என்று கழன்றுகொண்டான். அவள் அப்பாவோ, தட்டில் வந்ததைத் தொடாமல் விட்டால் நிச்சயமே நின்றுவிடும், அப்புறம் ஊரில் தலை காட்ட முடியாது என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"வாங்கிக்கம்மா. வாங்கி பீரோவுல வச்சிடு, போட்டுக்காத" என்றார் பாய்.

"என் மூஞ்சியில போட்டு அழகு பாக்கணும்னு அத்தை ஆசையா வாங்குனது பாய். மொத நாளே அவுங்கள ஏமாத்தணுமா?"

"பெட்டி அதே பெட்டியா இருக்கட்டும், உள்ள சாமான நான் மாத்திடுறேன்" என்று நான் சொன்னேன். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "நிச்சயத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் சிதம்பரம் கடைக்கு முடி நீக்குகிற க்ரீம் ஒன்று புதிதாக வந்தது. வழக்கம்போல இடது கையில் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். மலரின் நினைப்பில் இருந்தவன், மூக்கு அரித்ததும் அதே கையால் தேய்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முகம் கழுவப் போனால், இடது பக்க மீசை தண்ணீரோடு போய்விட்டது.

மிச்சத்தையும் மழித்துவிடலாம் என்றால் அது முடியாது. எங்கள் பக்கம் மீசையை எடுத்தவன் வீட்டில் துக்கம் என்று அர்த்தம். துக்க வீட்டுக்காரன் நிச்சயதார்த்தத்துக்குப் போகக் கூடாது. பாதி மீசையோடும் போக முடியாது. வசந்தா ஐப்ரோ பென்சிலை எடுத்து மீதியை வரைந்துவிட்டாள். "வேர்வை படாம பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

மண்டபத்தில் ஃபேன் ஓடியது, காற்றுதான் வரவில்லை. நானும் பாயும் ஓரமாக உட்கார்ந்தோம். என் சட்டைப் பையில் மலர் வழக்கமாக வாங்குகிற லிப்ஸ்டிக், மை, பவுடர் மூன்றும் இருந்தன. எதற்கு எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. தட்டு மாற்றினார்கள். மலர் புதுப்புடவையில் வந்து உட்கார்ந்தாள். பரிபூரணம் அம்மா பெட்டியைத் திறந்து அடுக்கடுக்காக விரித்தார்கள். இரண்டு ஊரும் வாயைப் பிளந்தது. பஃப்பில் பவுடரைத் தொட்டு அவள் கன்னத்துக்குக் கொண்டுபோனபோது மலர் மாமியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. இத நான் போட்டுக்க மாட்டேன்."

அவள் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். செந்தில் தரையைப் பார்த்தான். மலர் முயலைப் பற்றிச் சொன்னாள். கடையில் எங்களிடம் சொன்ன அதே மாதிரிதான். சொல்லி முடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருத்தர் பின்னாலிருந்து குரல் விட்டார்.

"மீன் கொழம்பு திங்கிற வாய்க்கு லிப்ஸ்டிக்கு மட்டும் சைவமா?"

சிரிப்பு கிளம்பியது. மலர் திரும்பினாள். "திங்கத்தான் மாமா மீன் புடிக்கிறோம். கண்ணுல மருந்து ஊத்தி வேடிக்கை பாக்கவா புடிக்கிறோம்?"

பரிபூரணம் அம்மா சிரிக்கவில்லை. பஃப் இன்னும் கையில் இருந்தது. "கண்ணுலயா ஊத்துறான்?" என்றார்கள். "நீ பாத்தியா?"

"பாத்தேன் அத்தை. தேய்ச்சுக்கக்கூட முடியாம அது அழுதுக்கிட்டிருந்திச்சு."

அந்தம்மா பஃப்பைப் பெட்டிக்குள் போட்டு மூன்று அடுக்கையும் மூடினார்கள். மூடுகிற சத்தம் மண்டபத்துக்கே கேட்டது. நிச்சயம் நின்றது என்றுதான் நான் நினைத்தேன். பாய் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுலேருந்து கண்ணப் பாத்து மீன் வாங்குறவ நான். எத்தினி வெட்டியிருப்பேன்! ஒரே வெட்டுதான். துடிக்க வுட்டு வேடிக்கை பாத்ததில்ல. இவனுங்க எல்லாம் தொழில் பண்றவனுங்களா?" என்று பெரியப்பா பக்கம் பார்த்துச் சொன்னார்கள். பெரியப்பா தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பிறகு மலரைப் பார்த்தார்கள். "ஏண்டி, இத முன்னாடியே எங்கிட்ட சொல்றதுக்கு என்னா? எம்மாம் பெரிய பெட்டி!"

"நீங்க ஆசையா வாங்குனீங்கன்னு..."

"ஆசை பெட்டி மேலயா, உம்மேலயா?"

மலர் அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்தது. பொத்துக்கொண்டு வந்த வேர்வையும் அதோடு சேர்ந்துகொண்டது.

அடுத்த நிமிஷம் அந்தம்மா கண் என்னைப் பிடித்தது. "யோவ், நீதானே வித்த? வாயத் தொறந்து சொல்லக் கூடாது?"

"சொல்லத்தாம்மா வந்தேன், நீங்கதான் கட்டுய்யான்னு..."

"சரி சரி. பொண்ணு மூஞ்சி வெறுமனே இருக்கக் கூடாது. யாரு கண்ணுலயும் ஊத்தாதது எதுனா வச்சிருக்கியா?"

சட்டைப் பையிலிருந்து மூன்றையும் எடுத்து நீட்டினேன். மார்க்கெட்டில் மீனைப் புரட்டுகிற மாதிரி அவற்றைப் புரட்டிப் பார்த்தார்கள். "இத யாரு மேல போட்டுப் பாத்தது?"

நான் வாய் திறப்பதற்குள் பாய் எழுந்து நின்றார். இந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்லத்தானே அவ்வளவு காலம் பாடுபட்டார். "நம்ம ஜெயராமன் மேலதாம்மா!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

பரிபூரணம் அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். முந்தானையை எடுத்து என் மூக்குக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்தார்கள். வசந்தா வரைந்த மீசை முந்தானையோடு போய்விட்டது.

"அடப்பாவமே," என்றார்கள், "முயலுக்கு மீசையாவது மிஞ்சியிருக்கும்."

இரண்டு ஊரும் சிரித்த சிரிப்பில் என் மானம் போனது, நிச்சயம் நின்றுபோகாமல் நிலைத்தது. அழுத கண்ணோடு மலரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்தம்மா அவள் உதட்டில் லிப்ஸ்டிக்கைப் போட்டுவிட்டார்கள். கோணல்மாணலாகத்தான் இருந்தது.

பெட்டி மறுநாளே சிதம்பரம் கடைக்கு வந்தது. வாசலைத் தாண்டின சாமானை பாய் திருப்பி எடுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண்கள் எங்கள் கடைக்கு வந்தால், பவுடர் டப்பாவைக் கையில் எடுத்து, "கண்ணுல ஊத்துனதா, ஊத்தாததா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாய் பதில் சொல்லித் தீராமல், ஏஜெண்டுகளிடம் பன்றிக் கொழுப்போடு முயலையும் சேர்த்து விசாரிக்கத் தொடங்கினார். என் ஸ்டூலைத் தூக்கிக் குடோனில் போட்டார். என் மீசை முளைத்தது.

ரேகாவிடம் இதையெல்லாம் சொல்லி, மிருகங்கள் மேல் சோதிக்காததற்கு அடையாளம்தான் அந்த முயல் படம் என்றும் விளக்கிவிட்டு, "அது உள்ள இருக்குற முயல் இல்லம்மா, தப்பிச்ச முயல்னு அந்த வடலூர் அம்மாகிட்ட சொல்லு" என்றேன். மறுநாள் மறுபடியும் போன் வந்தது.

"சொன்னேண்ணே. ரெண்டு சோப்பு வாங்கிட்டாங்க. போறப்ப திரும்பி நின்னு, 'முயல் தப்பிச்சது சரி, அப்ப யாரு மேலதான் போட்டுப் பாத்தாங்க'ன்னு கேக்குறாங்க. இங்கதான் நிக்கிறாங்க. என்னாண்ணே சொல்ல?"

நான் மீசையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"ஒருத்தர் இருந்தாரு, இப்ப ரிட்டையர் ஆயிட்டாருன்னு சொல்லும்மா" என்றேன்.